முப்பது ரூபாய்க் கப்பல்

தமுக்கம் மைதானத்தில்
இந்த வருஷம் போர்க்கப்பல்.
போன வருஷம் தாஜ்மகால் நின்ற இடம்.
அதே சவுக்குக் கம்புகள்தான் என்றான்
டிக்கெட் கிழிப்பவன், பெருமையாக.

அழகர் ஆற்றில் இறங்கி ஒன்பது நாள்.
அணையில் திறந்துவிட்ட தண்ணீர்
கல்பாலத்துக்குக் கீழே திட்டுத் திட்டாக
நாய் குடிக்கும் அளவுக்கு இருந்தது.
மதுரையில் அன்றைக்கு
அதற்கு மேல் கடல் இல்லை.

சோலைமலை வரமாட்டேன் என்றுதான் சொன்னான்.
என் அண்ணன். கப்பற்படையில் பதினைந்து வருஷம்,
அதில் பதினொன்று ஒரே கப்பலின் அடிவயிற்றில்,
இன்ஜின் ரூமில்.
இப்போது ஆனையூரில் ஏ.டி.எம். காவல்.
கடலைப் பற்றிக் கேட்டால்
நான் எங்கே பார்த்தேன் என்பான்.
ஹர்ஷிதாதான் கையைப் பிடித்து இழுத்தாள்:
வா மாமா, உன் கப்பல்.

அவன் கப்பலை உடைத்து
எடைக்குப் போட்டாகிவிட்டது என்று
அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சாம்பல் பெயின்ட் அடித்த ஒட்டுப்பலகை.
பீரங்கிக்கு பி.வி.சி. குழாய்,
கம்பெனிப் பெயரை அழிக்க மறந்திருந்தார்கள்.
அலைக்கு நீலத் தார்ப்பாய், அடியில் இரண்டு ஃபேன்.
ஸ்பீக்கரில் கடல் இரைந்தது,
நடுநடுவே
டெல்லி அப்பளம் டெல்லி அப்பளம் என்றது.

உள்ளே கேப்டன் அறையில் ஒரு கேப்டன்.
விளக்குத்தூண் ஜவுளிக்கடைப் பொம்மை,
மாப்பிள்ளைச் சிரிப்பு மாறாமல்.
அண்ணன் அதன் தொப்பியை
புருவத்துக்கு மேல் இரண்டு விரல் விட்டு நேராக்கினான்.
அவ்வளவுதான். சிரிக்கவில்லை.

அடுத்த கதவு.
என் தலைக்கு மேல் இரண்டடி காலி.
அண்ணன் குனிந்தான்.
குனிந்து, வலது காலை
முழங்கால் உயரம் தூக்கி
இல்லாத எதையோ தாண்டி வைத்தான்.
அடுத்த கதவிலும்.
அதற்கடுத்ததிலும்.
பின்னால் வந்த பையன்கள்
அதுதான் முறை போல என்று
குனிந்து குனிந்து தாண்டினார்கள்.
ஒரு அம்மாள் சேலையைக் கொஞ்சம்
தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

என் வீட்டிலும் இப்படித்தான்.
ஹவுசிங் போர்டு ஃபிளாட், நிலைப்படி கிடையாது.
மச்சான் கொக்கு மாதிரி நடக்கிறார் என்று
என் வீட்டுக்காரர் நடித்துக் காட்டுவார்.
நானும் சிரித்திருக்கிறேன்.

காலைத் தூக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.
முழங்கால் சில்லு போகும் என்றான்.
தண்ணி உள்ள வந்துச்சுன்னா
அந்தத் தடுப்பும் கதவும்தான்
ஒரு ரூமோட நிறுத்தும்.
அப்போ அந்த ரூம்ல இருக்கிறவங்க?
கேட்டது ஹர்ஷிதா.
வெளியே செல்லும் வழி என்று
அம்பு போட்டிருந்த பலகையை
அவன் ரொம்ப நேரம் படித்தான்.

அப்பா இறந்த தந்தி
அவன் கைக்குப் போனது
பதினோரு நாள் கழித்து, கப்பல் கரை தொட்டபோது.
கருமாதி முடிந்து வந்து நின்றவனிடம்
கப்பலை நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே என்று
தெரு கேட்கக் கத்தினேன்.
அன்றைக்கும் காலைத் தூக்கித்தான் உள்ளே வைத்தான்.
அப்போது எங்கள் வீட்டுக்கு நிலைப்படி இருந்தது.
அதனால் தெரியவில்லை.

வெளியே வந்தால் ஆளைக் காணோம்.
கப்பலுக்குப் பின்னால்,
சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம், ஜெனரேட்டர்.
அந்த இடத்தில் அது ஒன்றுதான் நிஜ இரும்பு.
அதன் மூடியில் உள்ளங்கையை வைத்து
கண்ணை மூடி நின்றிருந்தான்.
நான் நர்ஸ்.
பேச முடியாத பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்க
நான் கை வைப்பதும் அப்படித்தான்.

பேரிங் போகப்போகுது,
நாலு நாள் தாங்கும் என்றான் ஆபரேட்டரிடம்.
யாருண்ணே நீங்க?
ஏ.டி.எம்.ல வாட்ச்மேன்.

ஹர்ஷிதா முகத்தைவிடப் பெரிய அப்பளத்தோடு வந்தாள்.
மிளகாய்ப்பொடி கண்ணில் பட்டு அழுதாள்.
அண்ணன் இடது கையால் துடைத்துவிட்டான்.

பஸ்ஸில் ஜன்னலோரம், நல்ல காற்று.
டீசல் பட்ட கையை மட்டும்
விரல் மடக்கி
மடியிலேயே வைத்திருந்தான்,
ஆனையூர் வரும்வரை.