அரைப் பீப்பாய் எண்ணெய்

ஞானஸ்நானச் சீட்டுக்கு வந்து நிற்கிறான் பெர்க்மான்ஸ்.
பாஸ்போர்ட் ஆபீசில் கேட்டார்களாம்.
பங்குப் பதிவேட்டில் அப்பன் பெயர் இராயப்பன்,
ஆதாரில் பீட்டர்.
இரண்டும் ஒரே ஆள்தான் என்று
யாராவது எழுதித் தர வேண்டும்.
குளச்சலில் அந்த யாராவது நான்.
மாதம் ஆறாயிரம்.

பழைய ஏடுகளை அன்றைக்கு வெயிலில் விரித்திருந்தேன்,
கறையான் தின்றது போக மிச்சம்.
வேப்பிலையை ஒதுக்கிவிட்டு
ஒரு பக்கத்தையே பார்த்தான்.
"இது எந்த பாஷை, அக்கா?"
போர்ச்சுக்கீசு.
போன மழைக்கு வந்த ஆராய்ச்சிக்காரப் பெண்
பென்சிலில் தமிழாக்கிச் செருகிப்போன துண்டுத்தாள்
அங்கேயே இருந்தது.
வாசித்தேன்.

    மனுவேல். வயது பதினேழு இருக்கலாம்.
    அசோர் தீவுக்காரன்.
    திமிங்கல வேட்டைக் கப்பலில் துடுப்புப் போட்டவன்.
    ஈட்டிக் கயிறு காலைச் சுற்றி இழுத்த புண்ணால்
    ஒன்பதாம் நாள் மரித்தான்.
    கல்லறையில் கிழக்கு ஓரம்.
    அடக்கச் செலவுக்குக் கப்பித்தான் காசு தரவில்லை,
    அரைப் பீப்பாய் எண்ணெய் தந்தார்.

கீழே வேறு மையில், வேறொரு நாளில்:

    அந்த எண்ணெய் மாதாவுக்கு முன் எரிகிறது.
    புகை குறைவு. வெளிச்சம் வெள்ளை.
    சாம்பல் புதனோடு தீர்ந்தது.
    இனி பழையபடி புன்னை.

"அரைப் பீப்பாயா!" சிரித்தான்.
"எனக்கு மூணு கிலோ நூறு கிராம்."

ஊருக்கே தெரிந்த கணக்கு.
தூத்தூர் போட்டில் சுறாத் தூண்டிலுக்குப் போனவன்,
மினிக்காய்க்கு மேற்கே
மெழுகுபோல் மிதந்த சாம்பல் கட்டியைக்
கொக்கிக் கம்பால் இழுத்து ஏற்றினான்.
சாணி வாடை. கழுவக் கழுவ
கோவில் அலமாரியின் உள்வாசம்.
அம்பர், கோடி போகும் என்றார்கள்.
விலை பேச வந்தவன் வனத்துறைக்காரன்.
நாகர்கோவில் ஜெயிலில் நாற்பத்தொரு நாள்.
வழக்கு முடியாமல் பாஸ்போர்ட் வருவது கஷ்டம்.
அவனுக்கும் தெரியும்.
நான் சொல்லவில்லை.

"அந்தக் கப்பித்தான் மேல கேஸ் இல்லியா?"
அப்போ அது தொழில், பெர்க்மான்ஸ்.
மூன்று வருஷம் வீட்டை மறந்து அலைவார்களாம்.
கப்பல் நடுவிலேயே செங்கல் அடுப்பு.
உருக்கி எடுத்த கொழுப்பின் சக்கையே விறகு,
அதன் நெருப்பில் அதையே உருக்குவார்கள்.
எந்தெந்த ஊர்த் தெருவிளக்கோ,
எந்தெந்த ஆலையின் சக்கரமோ
அந்த நெய்யில் இரவெல்லாம் ஓடியிருக்கிறது.
சீமாட்டிகளின் இடுப்பை இறுக்கியதும் அதன் வாயில் இருந்த தகடுதான்.
இங்கே கரையில் வலை காய்ச்சியவர்கள்
இருட்டில் பார்த்திருப்பார்கள்,
கடலில் ஒரு வீடு தீப்பிடித்து
அணையாமலே நகர்வதை.

"நான் ஒண்ணையும் கொல்லல்ல," என்றான்.
"அது கக்கிப் போட்டது.
ஒரு ராத்திரி எங்க போட்டுக்குப் பக்கத்துல
மூச்சு விட்டுது, அக்கா.
அழுகின மீனும் வெந்நீரும் சேந்த வாடை.
ஸ்ராங்கு எஞ்சினை நிறுத்தச் சொன்னாரு.
லைட்டையும்.
பதினோரு பேரு, ஒருத்தன் இருமல்ல.
கட்டி கிடைச்சது மறுநாளு.
அதுதான் போட்டுதோ, வேறயோ."

கல்லறையின் கிழக்கு ஓரம் எது என்று கேட்டான்.
ஜன்னல் வழியே கை காட்டினேன்.
இரண்டாயிரத்து நாலில்
பெயர் சொல்லிப் புதைக்க நேரமில்லாமல்
நம்மவர்களை அடுக்கிய இடம்.
அவன் அம்மாவும் அங்கேதான்.
அந்தப் பையன் அதற்கும் கீழே
எங்கேயோ.

அவன் அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

இராயப்பன் என்கிற பீட்டர்,
எழுதி முத்திரை குத்தினேன்.
ஐம்பது ரூபாய்.
சில்லறை எண்ணி வைத்துவிட்டு
வாசல்வரை போனவன் திரும்பினான்.

"அவனை இழுத்த மீனோட எண்ணெய்தானா அது?
இல்ல, அது தப்பிச்சுப் போச்சா?"

துண்டுத்தாளைப் புரட்டினேன்.
பின்பக்கம் வெறுமை.
ஏட்டில், அடுத்த வரியில்,
யாருக்கோ கல்யாணம்.