மேடை இடது

எங்கள் அரங்கில் திரை இல்லை.
சுவர் கருப்பு, தரை கருப்பு.
வாட்டர்லூ தெருவின் ஊதுபத்தி வாசம் மட்டும்
டிக்கெட் வாங்காமல் உள்ளே வரும்.
எண்பது நாற்காலியில் சனிக்கிழமை அறுபத்து மூன்று நிறைந்தது.
அதில் பதினொன்று நடிகர்களின் உறவு.

நான் மேடை நிர்வாகி.
கைதட்டல் ஓய்ந்ததும் விளக்குமாறு எடுப்பவள்.
என் மொழியில் இடது என்றால் உங்கள் வலது.
நடிகர் நிற்கும் இடத்திலிருந்துதான்
இங்கே திசைகள் தொடங்கும்.
இதை என் மாமியாருக்கு
இன்றுவரை விளக்க முடியவில்லை.

பிரதி என் மடியில்.
பென்சிலால்தான் குறிப்பேன்;
இயக்குநர் மனம் மாறும் வேகத்துக்குப்
பேனா தாங்காது.
வசனத்தின் ஓரமெல்லாம் எண்கள்.
ஒளிப் பலகையில் வெய் ஜியே, தமிழ் தெரியாது,
மூன்று அங்கங்களையும் எண்களாகவே அறிவான்.
நாற்பத்தொன்றில் அப்பா சாகிறார் என்பது
அவனுக்கு, மெல்ல நீலமாகும் ஏழு நொடி.

அங்கம் என்கிறோம், கை காலுக்கும் அதே சொல்.
பாத்திரம் என்கிறோம்,
பின்னரங்கத் தொட்டியில் நான் கழுவிக் கவிழ்ப்பதும் அதுதான்.
விஸ்கி என்று குடித்துத் தள்ளாடினார்களே,
அது ஆறிப்போன தே-ஓ.
களப்பொருள் மேசையில் ஒவ்வொன்றுக்கும்
வெள்ளை டேப்பால் எல்லை கட்டியிருக்கிறேன்:
சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, வக்கீல் கடிதம்.
எல்லைக்குள் மேசை தெரிந்தால்
யாரோ எதையோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வீட்டுக்கு ரயிலேறிவிட்டார் என்று அர்த்தம்.

மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி.
அருமைநாயகம் தனியே.
பகலில் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்ப்பவர்,
இப்போது அப்பா.
வராத மகனுக்காக விழித்திருக்கிறார்.
அடைப்புக்குறிக்குள் மௌனம் என்றிருக்கிறது.
ஒத்திகையில் அது நான்கு நொடி.

ஐந்து.
ஆறு.
ஒன்பது.

மௌனமும் மறதியும்
முன்வரிசையிலிருந்து ஒன்றுபோல இருக்கும்.
பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் தெரியும்,
நடிப்பவரின் கண் எதையாவது பார்க்கும்.
மறந்தவரின் கண் உள்ளே திரும்பிவிடும்.
காதுக்கருவியில் வெய் ஜியே, ‘கோவா?’
‘ஸ்டாண்ட்பை’ என்றேன்.
அடுத்த வசனத்தின் முதற்சொல் என் பல்லிடுக்கில்.
எடுத்துக் கொடுத்தால் எல்லாருக்கும் கேட்கும்,
அவ்வளவு சின்ன அரங்கு.

பதினொன்றாம் நொடியில்
பார்வையாளர் கதவு திறந்தது.
மேடை இடது. உங்கள் வலது.
நடைவழி டியூப்லைட்டின் வெளிச்சம்
பலகைபோல விழுந்து அவர் காலடி வரை நீண்டது.
எண் இல்லாத ஒளி.
குடையோடு ஒருவர், தொப்பலாக நனைந்து.

அருமைநாயகம் திரும்பினார்.
‘யாரது, கதவைத் திறந்தது?’

அதுதான் வசனம்.
பக்கம் எழுபத்திரண்டு, மேலிருந்து மூன்றாவது வரி.
ஓர் எழுத்துப் பிசகவில்லை.

‘சாரிங்க’ என்றார் குடைக்காரர்.
அரங்கு சிரித்தது.
மூன்று மாதம் கட்டிய நாலாவது சுவர்
குடை நுனியில் பொத்தல்.
உட்காரவும் முடியாமல் வெளியேறவும் முடியாமல்
அவர் நின்றார்,
மகன் வந்திருக்கவேண்டிய பக்கத்தில்,
தரையில் சொட்டிக்கொண்டு.
மீதித் தனிமொழியை அருமைநாயகம்
அவரைப் பார்த்தே பேசி முடித்தார்.
ஒருவர் நின்று கேட்டுவிட்டால்
தனிமொழிக்கு வேறு பெயர் உண்டா?
எனக்குத் தெரியவில்லை.
சிரித்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்பதையும்
கவனிக்கவில்லை.
‘நாற்பத்தொன்று, கோ.’
நீலம் இறங்கியது.

‘நாளைக்கும் இது வேணும்’ என்று ஓடிவந்தாள்
இயக்குநர் பூவிழி.
ஞாயிற்றுக்கிழமை அவள் சித்தப்பா மகன் கதவைத் திறந்தான்.
சரியாக நான்காம் நொடி.
குடையைத் தொட்டியில் நனைத்துக் கொடுத்தது நான்தான்.
கடைசி வரிசைக்கும் கேட்கும்படி
‘சாரிங்க’ என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
அருமைநாயகத்தின் கண்
அவனைத் தாண்டிக் கதவிலேயே இருந்தது.

அந்தக் குடை, முந்தைய நாள்
மழை விட்டதும் அவர் மறந்துவிட்டுப் போனது.
கேட்டு யாரும் வரவில்லை.
களப்பொருள் மேசையில் கிடக்கிறது.
அதற்கு மட்டும் நான் டேப் ஒட்டவில்லை.