அடுப்பு எங்கே?

தட்டுவடை செட்டுக்கு
ஒரு நிமிடம் இருபது விநாடி போதும் எனக்கு.
பீட்ரூட் துருவல், கேரட் துருவல், இரண்டு சட்னி,
மைக்கில் விழுகிற 'நொறுக்',
பிறகு கட்டைவிரல்.
நாற்பத்தோராயிரம் பேர் பார்க்கிறார்கள்.
அதில் எத்தனை பேர் வண்டியை எடுத்துக்கொண்டு
செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தார்கள் என்பது
கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்:
"உன் வாய்க்குப் பின்னால ஒரு வரிசையே வருது தம்பி."

அந்த வரிசையைத்தான் விலை பேசினார்கள்.

இருபது கொண்டை ஊசிக்கும் மேலே
ஏற்காட்டில் ஒரு விடுதி, குளிரில் நடுங்கும் ஏசி அறை.
மலைநிலா காயின், முன்விற்பனை,
நாளை நள்ளிரவோடு கதவு மூடுகிறதாம்.
தினம் ஒன்றரை சதவீதம்; மழையானாலும் வெயிலானாலும்.
லோகசந்தர் என் தோளில் கைபோட்டார்.
ஒரு லட்சம் தருவாராம், காயினாகவே.
என் பெயரைச் சொல்லிச் சேரும் ஒவ்வொருவருக்கும்
எட்டு சதவீதம் தனி.

திரையில் நிறுவனர்கள் நால்வர் சிரித்தார்கள்.
எடிட்டிங் பார்க்கும் தில்ஷாத் என் காதில் சொன்னாள்:
"ரெண்டாவது ஆளைப் பாரு.
குகை பல் ஆஸ்பத்திரி போர்டுல
ரெண்டு வருஷமா பல்லைக் காட்டறவரு."

எனக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு.
எந்தக் கடையிலும் இலைக்கு முன்னால் அடுப்பைப் பார்ப்பேன்.
எண்ணெய் என்ன நிறம், மாவு எங்கே ஊறுகிறது,
தண்ணீர் யார் ஊற்றுகிறார்.
"உள்ளே வேலை நடக்குதுங்க" என்பவரின் கடையில்
கேமரா பையை விட்டு வெளியே வராது.

கேட்டேன்: இதன் அடுப்பு எங்கே?
தினம் ஒன்றரை சதவீதம் எந்த வியாபாரத்திலிருந்து?
புதிதாய்ச் சேர்கிறவர் பணம் இல்லையென்றால்
நாளைக்கு என்ன கொடுப்பீர்கள்?
காயினில் பாதி யார் கையில் இருக்கிறது?
லோகசந்தர் ஒரு ஆப்பைத் திறந்து காட்டினார்.
பச்சை எண்கள் பால்போல் பொங்கின.
"இதில் ஐநூறு ரூபாயை இப்போதே எடுத்துக் காட்டுங்க."
"நூற்றெண்பது நாள் லாக் சார்.
நீங்க நெகட்டிவா யோசிக்கறீங்க."

ஜன்னலில் பனி ஏறியது.
லேடீஸ் சீட்டில் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருக்கும்,
சேலம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத்துணி,
அதற்குக் கீழே ஊர் இருக்கிறது என்ற நம்பிக்கையில்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவன்.
உண்மை வேறு.
கேமராத் தவணை ஏழாயிரத்து நானூறு,
ஐந்தாம் தேதி வந்தால் போன் அடிக்கும்.
வராண்டாவில் நின்று ஒரு டேக் எடுத்தேன்.
தில்ஷாத் எதுவும் பேசாமல் ஓட்டிக் காட்டினாள்.
அதே சிரிப்பு, அதே கண் சிமிட்டல்.
கடைசியில் யாரும் சொல்லாமலே எழுந்தது
அதே கட்டைவிரல்.
தட்டுவடைக்கும் இதற்கும்
என் முகத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.
வயிற்றைப் புரட்டியது.
அழித்தேன். அழித்த தொட்டியிலிருந்தும் அழித்தேன்.

மேடையேறி மைக்கைப் பிடுங்கவில்லை நான்.
எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்
ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர், பெயர் அங்கம்மாள்,
மடியில் செக் புத்தகம்.
"முதல்ல ஐநூறு போட்டு
ஐநூறையும் திருப்பி எடுத்துப் பாருங்க,
எடுக்க முடிஞ்சா மீதியை யோசிங்க" என்றேன்.
அவர் தலையாட்டினார்.
அந்தத் தலையாட்டல் எனக்கா, மேடைக்கா
இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் வேறொருவர் மலைநிலாவைச் சிரித்து விற்றார்.
என்னைவிட அழகான வெளிச்சம்.

இறங்கும் வழியில் பஜ்ஜிக் கடை.
"எண்ணெய் காலையில மாத்தினதுங்க, வந்து பாருங்க."
பார்த்தேன். தில்ஷாத் நாலு வாங்கினாள்.
கேமராவை எடுக்கவில்லை.
கட்டைவிரல் அன்று முழுக்க
பாக்கெட்டுக்குள் மடங்கியே கிடந்தது.