மூன்றாவது கல்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
காலைச் சணலால் கட்டி விற்றார்கள்.
மூன்று வாங்கினேன். இரண்டு கறுப்பு,
ஒன்று கழுத்தில் இறகில்லாத கிராப்பு.
மின்ரயிலில் பெருங்களத்தூர் வரை
மடியிலேயே வைத்திருந்தேன்.
பக்கத்துச் சீட்டுப் பெண் சொன்னாள்:
"அக்கா, உங்க பை மூச்சு விடுது."

மொட்டைமாடியில் ஏற்கெனவே ஐந்து பேர்.
மூத்தவள் இன்ஸ்பெக்டர்.
பெயர் வைத்தது நான் இல்லை, கீழ்வீட்டுத் துளசிங்கம்.
நடையைப் பார்த்தால் நீங்களும் அதையே வைப்பீர்கள்.

முதல் இரண்டு வாரம்
ஒருவர் கண்ணில் ஒருவர் படக் கூடாது.
புதியவர்கள் படிக்கட்டுக்கு அடியில்,
வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியில்.
சின்ன வெங்காயமும் மஞ்சளும் வேப்பிலையும்
அரைத்து உருட்டிப் போட்டேன்.
தினமும் கண் பார்த்தேன், மூக்கு பார்த்தேன், எச்சம் பார்த்தேன்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இவ்வளவு பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம்
பார்க்க மட்டும்.
நடுவே பழைய ஜன்னலின் கம்பிவலை.
இந்தப் பக்கம் ஒரு தட்டுக் கம்பு,
அந்தப் பக்கம் ஒரு தட்டுக் கம்பு.
இன்ஸ்பெக்டர் தன் தட்டை விட்டுவிட்டு
அந்தத் தட்டைக் கொத்தப் போய்
அலகில் கம்பி வாங்கினாள்.

அதற்குள் ஐப்பசி.
செல்போனில் ஆளாளுக்கு மழை சொல்கிறார்கள்.
வங்கக் கடலில் ஒரு சுழி,
இட்லி மாவில் கரண்டி சுற்றியதுபோல.
முடிச்சூரில் இருந்து பார்த்தால்
அது இட்லி மாவுபோல இருக்காது.

இந்த ஊருக்குக் குளிர் என்று ஒன்று கிடையாது.
மார்கழியில் ஸ்வெட்டர் போடுகிறவர்கள்
ஆசைக்குப் போடுகிறார்கள்.
ஈரம்தான் எங்களுக்குக் குளிர்காலம்.
கோழிக்கும் அப்படியே.
நனைந்த தரைதான் அதைக் கொல்லும்.

கூண்டை ஹாலோ பிளாக் மேல் ஏற்றினேன்.
ஒரு கல் சாரலுக்கு.
இரண்டாவது, மாடியில் தேங்கினால்.
"மூணாவது எதுக்கு? மாடிக்கா வெள்ளம் வரும்?"
துளசிங்கம் அந்த வருஷம் இங்கே இல்லை.
பதில் சொல்லாமல் கல்லை வைத்தேன்.

கூரைக்கு ஃபிளக்ஸ்.
யாரோ ஒரு ஹர்ஷிதாவின் காதணி விழா.
அவள் கூண்டுக்கு மேல் மல்லாந்து சிரிக்கிறாள்.
தாய்மாமன்கள் ஐந்து பேர் பக்கவாட்டில் நின்று
வடகிழக்குச் சாரலைத் தடுக்கிறார்கள்.
தரைக்கு மரத்தூள், அதன்மேல்
இஸ்திரி வண்டியில் கேட்டு வாங்கிய சாம்பல்.

இருட்டில்தான் சேர்க்க வேண்டும்.
ஒன்பதரைக்கு, டார்ச் அடிக்காமல்,
வெதுவெதுப்பான உடம்புகளுக்கு நடுவே
ஒவ்வொன்றாகக் கம்பில் வைத்தேன்.
விடிந்தால், எப்போதும் இருந்தவர்கள் என்று
நினைத்துக்கொள்ளுமாம்.

நினைத்துக்கொள்ளவில்லை.

ஆறு மணிக்கு ஒரு கறுப்பின் கொண்டையில் ரத்தம்.
கிராப்பு வாளிக்குப் பின்னால்.
ஒரு முட்டைக்கோஸைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.
மூன்று நாள் இன்ஸ்பெக்டர்
முட்டைக்கோஸை விசாரித்தாள்.

நான்காம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக்
கதவு தட்டும் சத்தம்.
துளசிங்கம் கையில் கேஸ் அடுப்பு.
பின்னால் கஜலட்சுமி, பையன்கள் இரண்டு,
அவர்கள் தலையில் பள்ளிக்கூடப் பைகள்.
எனக்கு இருப்பதே ஓர் அறை.
அடுப்பை எங்கே வைப்பது என்று
கொஞ்ச நேரம் எல்லோரும் நின்றோம்.
என் மேடையில் இன்னொருத்தி கை வைப்பது
எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் தெரியும்.
டீ போட்டாள். சர்க்கரை அதிகம்.
சொல்லிவிட்டேன்.

விடிந்ததும் மாடிக்குப் போனேன்.
கணுக்கால் தண்ணீர். வடிகுழாய் வாயில்
வாதாம் இலை ஒட்டியிருந்தது.
எடுத்தேன். சுழித்து இறங்கியது.

காற்றில் கூண்டுக்கதவு திறந்து கிடந்தது.
உள்ளே கம்பில் ஏழு.
கிராப்பு மட்டும் வெளியே,
மூன்றாவது கல் நீட்டிக்கொண்டிருக்கும் நாலு விரற்கடையில்,
தாய்மாமன்களின் முதுகுப் பக்கம்.
கழுத்தை உள்ளிழுத்திருந்தது. நனையவில்லை.
இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணைத் திறந்தாள்.
விரட்டவில்லை.
நகர்ந்து இடம் கொடுக்கவும் இல்லை.

கீழே இருந்து கஜலட்சுமி கேட்டாள்:
"அக்கா, உப்பு எங்க வெச்சிருக்கீங்க?"

ரெண்டாவது தட்டு, இடப்பக்கம் என்று
மேலிருந்தே கத்தினேன்.