கேள்வி பதினேழு

ஜல் விஹார், மே மாதம். நாற்பத்து மூன்று டிகிரி.
யார் பிடித்தாலும் வெப்பமானி அதையே சொல்லும்.

"வேலை செய்யும் வீட்டில் உங்களுக்குத் தனிக் குவளையா?"
"அதெல்லாம் இல்ல சார்" என்றார் அஞ்சலாட்சி.
இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

மறுவாரம் அதே தாள், அதே கேள்வி,
போனவள் ரோஸ்லின்.
"பால்கனில இருக்கு, துணி சோப்புக்குப் பக்கத்துல.
காது உடைஞ்சது."

முரண்பட்டால் ஒன்றை நீக்கு என்கிறார் பேராசிரியர்.
பிழை விகிதம் குறையுமாம்.

நீக்கவில்லை.
ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் கூடுதலாக வரைந்தேன்:
கேட்டவர் யார்?

ரோஸ்லின் வரிசையில்:
வீட்டுச் சொம்பில் தண்ணீர், இரண்டு முறை.

என் வரிசையில்:
மகனைக் கடைக்கு ஓடவிட்டு வாங்கித் தந்த,
மூடி திறக்காத பாட்டில்.
இருபது ரூபாய்.