பதம்

வெளியே மைனஸ் இருபத்தேழு.
ஓவ்லு நகரத்தின் ஏழாம் மாடியில்
ரேடியேட்டர் இரவெல்லாம் காற்றைக் குடிக்கிறது.
என் உதட்டில் வெடிப்பு.
கதவுப் பிடியைத் தொட்டால் விரல்நுனியில் ஒரு பொறி.
கண்ணாடிப் பெட்டிக்குள் புய்குலாவுக்குக்
கண் பால்பூத்துவிட்டது.
மானி காட்டுவது இருபத்தெட்டு.

புய்குலா என்பது எங்கள் வடக்கத்தி உருளைக்கிழங்கு.
வாங்கி வந்த அன்று அப்படித்தான் கிடந்தது,
மண் ஒட்டிய கிழங்காக, தலையை உள்ளே வைத்து.
நானும் ரெய்யோவும் சிரித்துச் சிரித்துப் பெயர் வைத்தோம்.
மார்ச்சில் ரெய்யோ போனான், காப்பி இயந்திரத்தோடு.
பாம்பு யாருக்கு என்று
இருவருமே கேட்கவில்லை.

என் வேலை ஆவணக் காப்பகத்தின் நிலவறையில்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு.
முந்நூறு வருஷத்து ஞானஸ்நானப் பதிவேடுகள்
பூஞ்சை பிடிக்காதிருக்க
முள் முப்பத்தைந்தில் நிற்கவேண்டும்.
இயந்திரம் பிழிந்து வைத்த நீரை
மாலைதோறும் வாளியில் எடுத்துப்போய்க் கொட்டுகிறேன்.
பிறகு பேருந்து. பிறகு படி.
பிறகு கோட்டைக் கழற்றுமுன்
கையில் தெளிப்பான்.

கொடுப்பதிலும் தப்பு செய்திருக்கிறேன்.
அக்டோபரில் பயந்துபோய்
காலை மாலை அடித்து ஊற்றினேன்.
மரப்பட்டைத் துகள் சேறாயிற்று.
வயிற்றுச் செதிலில் கொப்புளம்.
மருத்துவர் இர்மெலி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
'இது பாம்பு, தவளை இல்லை' என்றாள்.
வெட்கத்தில் எல்லாவற்றையும் காயப்போட்டேன்.
நவம்பரில் சட்டை துண்டுதுண்டாய் வந்தது,
வெயிலில் கிழியும் சுவரொட்டிபோல.
இடக்கண்ணில் பழைய கண் ஒட்டிக்கொண்டது.
இரண்டு வாரம் என்னை
பாதிதான் பார்த்தது.

ஈரம் யாரும் கொடுத்துவிடலாம்.
பதம்தான் கிடைப்பதில்லை.

இந்த முறை
வலைமூடியில் முக்கால்வாசியை அலுமினியத் தாளால் அடைத்தேன்.
ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் வாசல் வெட்டி,
ஓரத்தைத் தீக்குச்சியால் மழுக்கி,
பாசியை நனைத்து, பிழிந்து, உதறி, மறுபடி பிழிந்து
(சொட்டக்கூடாது, தொட்டால் குளிரவேண்டும்)
உள்ளே பரப்பினேன்.
இதன் பாட்டன்மார் டோகோ நாட்டில்
கறையான் கட்டிய வீட்டில் குடியிருந்தவர்கள்.
இவனுக்கு வனிலா புற்று.

நாற்பத்தொன்று. ஐம்பத்தாறு. அறுபத்தெட்டு.
முள்ளோடு சேர்ந்து என் மூச்சும் ஏறியது.
விடியற்காலை மூன்றுக்கு எழுந்து
டார்ச்சைப் போர்வைக்குள் மறைத்து அடித்துப் பார்ப்பேன்.
எழுபத்தொன்று.
படு, என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

வியாழன் எட்டு மணி
கட்டடத்தின் பொதுச் சவுனாவில் என் முறை.
அங்கே மானி கிடையாது.
ஓர் அகப்பை நீர், கல் சீறும்,
வெந்நாவி முதுகில் ஏறி உட்காரும்.
அன்று உதட்டு வெடிப்பில் உப்பு எரிந்தபோது
எட்டு மாதமாக நான் அழவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.
இன்னோர் அகப்பை ஊற்றினேன்.
அவ்வளவுதான்.

ஈரத்தலையோடு மேலே வந்தால்
பெட்டியில் அரவமில்லை,
இரண்டு பொருளிலும்.
டப்பாவின் வாசலில் மட்டும்
ஏதோ வெளுப்பாய் நீண்டு கிடந்தது,
அவசரத்தில் உருவிப்போட்ட காலுறை மாதிரி
உள்பக்கம் வெளியாக.

தூக்கினேன். முழங்கை தாண்டி, தோள் தாண்டி
அறாமல் வந்தது.
விளக்குக்கு நேரே பிடித்தேன்:
முனையில் இரண்டு சிறு வட்டம்,
இடதும் இருந்தது.
பாசிக்கு அடியிலிருந்து
எண்ணெய் பூசிய கரும்பழுப்பாய் ஒரு தலை
எட்டிப்பார்த்து, நாக்கால் என்னைத் தொட்டுப்பார்க்காமலே தொட்டுவிட்டு,
உள்ளே போயிற்று.

விடிவதற்குள் அறைக்காற்று அந்தத் தோலைச்
சருகாக்கிவிட்டது.
மடிக்காமல் சுருட்டி
வேலைக்கு எடுத்துப்போனேன்.
அமிலமில்லாக் காகித உறை ஒன்றை நான் திறப்பதைப் பார்த்து
அலமாரிக்கு அப்பாலிருந்து இர்யானா கேட்டான்:
'எந்தத் திருச்சபை?'

பென்சிலைத் தீட்டி, உறையின் மூலையில் எழுதினேன்:
ஜனவரி பத்தொன்பது.
முழுமை.
இரு கண்ணும் உண்டு.