எட்டடி நிழல்

ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில்
ஆம்னியை ஓரம் கட்டினால்
பதினொரு மணிக்கே தகரம் கொதிக்கும்.
யானைமலைக்கும் நிழல் உண்டுதான்.
அது எழுந்து எங்கள் பக்கம் வருவதற்குள்
சோறு தீர்ந்து
பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்போம்.

வெயிலில் நின்று சாப்பிடுகிறவன்
மெல்லமாட்டான், விழுங்குவான்.
ஆம்லேட் கேட்கமாட்டான்.
எங்களுக்கு ஆம்லேட்டில்தான் லாபம்.

வண்டியோடு மாட்டுகிற பந்தல்
பைபாஸ் கடையில் பதினெட்டாயிரம்.
பொத்தானை அமுக்கினால் விரியுமாம்.
"அந்தக் காசுக்கு
நானே கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறேன்"
என்றார் சோணைமுத்து.
நிற்கவில்லை.
போர்வெல்காரர் கழித்துப் போட்ட
பிவிசி பைப் மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
எடைக்கு நூற்றி நாற்பது.

முழங்கைத் திருப்பி இரண்டு, நாற்பது.
கயிறு ஐம்பது.
பை தைக்கிற ஜெய்லானி
ஓரத்தில் பன்னிரண்டு கண் அடித்தார்,
கண்ணுக்கு ஐந்து ரூபாய்.
கால் ஊன்ற பெயிண்ட் வாளி இரண்டு
சும்மா கிடைத்தது. மண்ணும் சும்மா.
மண்டபத்து வாட்ச்மேன் கொடுத்தார்
நூற்றி இருபதுக்கு ஒரு பிளக்ஸ்:
பத்தடிக்கு ஆறடி
காதணி விழா.

நடுவில் கிரீடம் வைத்த குழந்தை,
இரண்டு பக்கமும் மாமன்மார்.
கும்பிடுகிறவர், போன் பேசுகிறவர்,
ஓரத்தில் கூலிங்கிளாஸ் போட்ட ஒருவர்.
எங்களுக்கு வேண்டியது எட்டடிதான்.
கத்தரியை எங்கே வைக்க?
அந்த ஓரத்தில்தான் வைத்தேன்.
தாய்மாமன் இராசாங்கம்
பேரோடு தனியாக வந்தார்.

முதல் நாள்
உறுமி மேளம் மாதிரி இழுத்துக் கட்டினோம்.
ஒரு பஸ் போனது.
அவ்வளவுதான்.
வாளி கவிழ்ந்து மண் பறந்து
சாம்பார் முழுக்க நறநற.
ஏழு தட்டுக்குக் காசு வாங்கவில்லை.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தோம்.
இறுக்கினதுதான் தப்பு.
சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக நறுக்கி
கயிற்றுக்கும் கண்ணுக்கும் நடுவில் கோத்தோம்.
இப்போது பஸ் போனால்
பந்தல் ஒரு மூச்சு இழுத்து விடும்.
மழைத்தண்ணி ஓட
ஒரு காலை ஒரு சாண் குறைத்தோம்.
கூரைக்கும் பந்தலுக்கும் இடையில்
ஆள் தலையில் சொட்டிய சந்தை அடைக்க
இராசாங்கத்தைப் படுக்கவைத்துத் தைத்தேன்.
அதற்கப்புறம் ஒரு சொட்டு இல்லை.

படம் வானத்தைப் பார்க்கத்தான் கட்டியிருந்தோம்.
ஆனாலும் உச்சி வெயிலில்
துணி ஊடே இறங்கிவிடுவார்கள் எல்லாரும்,
எழுத்து திரும்பி, வகிடு இடம் மாறி.
சாப்பிடுகிறவர்கள் அண்ணாந்து சிரிப்பார்கள்.

புதன்கிழமை வந்த ஒருவர் சிரிக்கவில்லை.
லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு
தட்டைப் பிடித்தபடி
ஒவ்வொரு முகமாகப் போனார்.
"இந்த ஓரத்துல ஒரு ஆள் இருக்கணுமே."
நான் கரண்டியால் காட்டினேன்,
கதவுக்கு மேலே
படுத்திருந்த கூலிங்கிளாஸை.

ரொம்ப நேரம் பார்த்தார்.
"படம் போட்டுட்டாங்க.
நான்தான் போகலை.
ஒரு பவுனாச்சும் வேணுமில்ல
அங்க போய் நிக்க."

சோணைமுத்து அடுப்பைத் துடைத்தார்,
துடைத்த இடத்தையே.
எனக்குக் கத்தரி பிடித்த விரல்
என்னவோ செய்தது.
"ஒழுகாம இருக்குங்களா?" என்று கேட்டார்.
"சொட்டு இல்லண்ணே" என்றேன்.
அதற்குத்தான் சிரித்தார்.
ஆம்லேட் ஒன்று சொன்னார்.
பிறகு இன்னொன்று.

மீதி பதினைந்து ரூபாயை நீட்டினேன்.
வாங்கவில்லை.
"செய்முறைன்னு எழுதிக்கங்க."
வண்டியில் ஏறப்போனவர் திரும்பி வந்து
தளர்ந்திருந்த ஒரு டியூபை
இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்.

ராத்திரி நோட்டில்
பந்தல் செலவு நானூற்றுப் பத்து என்று
எழுதியிருந்ததற்குக் கீழே
வரவு வைத்தேன்:
இராசாங்கம், தாய்மாமன், பதினைந்து.